பழி ஓரிடம்; பாவம் ஓரிடம்

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்வார். தெருவில் யாரோ எறிந்த கல்லுக்கு நான் அடி வாங்கிக்கொண்டு அழுதபடி வரும்போதெல்லாம் இந்தப் பழமொழிதான் எனக்குக் கிடைக்கும் ஆறுதல். அதன் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய மோட்டார் கார் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனாலும் அதுதான் உண்மை. அந்தக் கதையை நம் கல்லூரி மலரில் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா ஏர் பிடித்தவர். தந்தையார் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தவர். சேந்தமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டுநராக இருக்கிறார். அந்தப் பெரியவரை எங்கள் வீட்டில் முதலாளி என்றே சொல்வோம். வேறு கார் வாங்கும் வசதி அவருக்கு இல்லாமல் இல்லை. 1996-இல் தாம் முதன்முதலாக வாங்கிய அந்த வெள்ளைக் காரை விட அவருக்கு மனம் வரவில்லை. உரிமத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்துக்கொண்டிருக்கிறார். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார் அது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அதன் உடம்பில் என் தந்தையின் கையால் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவருக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

2024-ஆம் ஆண்டு ஆவணி மாதம் அந்தப் பெயருக்கு ஓர் ஆபத்து வந்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறையும் தெரியாது. கடைவீதியில் யாராவது குறுக்கே வந்து, நிறுத்துவதற்காகக் கிளட்சை மிதித்தால் போதும், இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். பின்னால் வரும் பேருந்து ஒலியெழுப்பும். மீண்டும் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல் இயங்கும். அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் அதே கதை.

பட்டறைக்குக் கொண்டு போனார்கள். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் சரியா விடலீங்க. பிளேட்டும் பேரிங்கும் போயிருக்கும். செட்டா மாத்திடலாம்" என்றார். ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்று கணக்கும் சொன்னார். முதலாளி என் தந்தையைத் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா, கால எந்நேரமும் கிளட்ச் மேலயே வச்சு ஓட்டுனா வேற என்ன ஆகும்? வயசாயிட்டா கவனம் போயிருது. பாதியையாவது நீ ஏத்துக்கிட்டாத்தான் உனக்கும் புத்தி வரும்" என்றார். மாதம் ஆயிரமாக மூன்று மாதம் பிடித்தம் என்று முடிவாயிற்று. அந்த மாதச் சம்பளத்திலேயே முதல் ஆயிரம் குறைந்தது.

அன்றிரவு தந்தையார் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஆயிரம் ரூபாய் என் தேர்வுக் கட்டணத்துக்கென்று அம்மா எண்ணி வைத்திருந்த பணம் என்பது உண்மைதான். ஆனால் அவரை வருத்தியது பணமன்று. "காலைக் கிளட்ச் மேலயே வச்சு ஓட்டறவன்" என்பது ஓட்டுநர்களுக்குள் சொல்லக்கூடாத சொல். நெசவாளியைப் பார்த்து "நூல் அறுக்கிறவன்" என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

கிளட்ச் என்பது யாது என்று அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினோடு சேர்ந்து ஒரு கனமான சக்கரம் சுழல்கிறது. அதன் முகத்தோடு ஒரு வட்டத் தகட்டை வலிய வில் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் உண்டாகும் உராய்வினால்தான் இன்ஜினின் சுழற்சி கியர் பெட்டிக்கும், அதன் வழியே சக்கரங்களுக்கும் போகிறது. பெடலை மிதித்தால் அழுத்தம் விலகும். தகடு தனியாகும். இன்ஜின் வேறு, சக்கரம் வேறு என்று பிரிந்துவிடும். கைகோத்து நடக்கும் இருவரைச் சிறிது நேரம் கை விடச் செய்வதுதான் கிளட்சின் தொழில்.

நான் விடுமுறைகளில் நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் எடுபிடியாக வேலை பார்த்தவன். இயற்பியல் மாணவன் வேறு. கேட்க வேண்டுமா! "கை விட்டதும் இன்ஜின் தனியாக நிற்க வலுவில்லாமல் அணைகிறது, ஆகவே ஐடிலிங் குறைவு" என்று ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன். கிளட்ச் செட் மாற்றுவதற்கு முன் ஒருமுறை பார்ப்போமே என்று கார்புரேட்டரில் உள்ள ஐடிலிங் திருகாணியை ஒரு சுற்றுத் திருகி வைத்தேன். இன்ஜின் வழக்கத்தைவிட உரத்து இயங்கியது. கடைவீதியில் போய் வந்தார் தந்தை. கார் நிற்கவில்லை. மூன்று நாள் நிற்கவில்லை. நான் தெருவில் நடந்த நடையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் முதலாளி குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட்டார். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பதை இந்த மாவட்டத்து நண்பர்கள் அறிவார்கள். அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு மாலையில் இறங்கினார்கள். இறங்கும்போது பிரேக் பெடல் வழக்கத்துக்கு மாறாகக் கனத்தது. ஒரு வளைவை நெருங்கும்போது தந்தையார் கியரைக் குறைப்பதற்காகக் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்திருக்கிறார். இன்ஜின் அணைந்தது. அடுத்த மிதிக்குப் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. பதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. அவர் பதறவில்லை. கிளட்சை விட்டார். கியரில் இருந்த வண்டியின் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்ற, அது மீண்டும் உயிர் பெற்றது. அந்த இழுப்பில் வேகம் தணிந்தது. இடக்கையால் கைப்பிரேக்கை மெல்லப் பிடித்து வளைவைக் கடந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு குலுக்கல் தெரிந்தது, அவ்வளவுதான். மீதி வளைவுகளையெல்லாம் முதல் கியரிலேயே ஊர்ந்து வந்தார்.

இரவு பத்து மணிக்கு வீடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். என் மீது ஒரு சொல் குற்றமாகச் சொல்லவில்லை. கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் கொடுத்துவிட்டு அருகில் நின்றேன். திருகாணியைத் திருகி நான் நோயைத் தீர்க்கவில்லை, மறைத்துத்தான் வைத்தேன் என்பது எனக்குப் புரிந்தது. காய்ச்சல்காரனுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு "நடுக்கம் நின்றது" என்று சொன்ன கதைதான் அது.

நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "ஏறும்போது ஒண்ணுமே பண்ணலடா கண்ணு. எழுவது வளைவுலயும் கிளட்ச மிதிச்சு மிதிச்சுத்தான் கியர் மாத்துனேன். ஒருக்கா கூட நிக்கல. இறங்கும்போதுதான் இந்தச் சேட்டை. காலையில ஸ்டார்ட் பண்றப்பவும் கிளட்ச மிதிச்சுத்தான் சாவியத் திருப்பறேன். அப்பவும் நிக்கறதில்லயே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்றத்தில் கிளட்சை மிதித்தால் நிற்பதில்லை. இறக்கத்தில் மிதித்தால் நிற்கிறது. இறக்கத்தில் மட்டும் கூடுதலாக என்ன நடக்கிறது?

"ஏனுங்கப்பா, ஏத்தத்துல பிரேக் மிதிச்சீங்களா?"

"ஏத்தத்துல எதுக்குடா பிரேக்கு? காலை எடுத்தாலே வண்டி அடங்கிரும்."

"கடைவீதியில நிக்கறப்ப?"

"ரெண்டு காலும் ஒண்ணாத்தான் போகும். ஒண்ணு கிளட்சு, ஒண்ணு பிரேக்கு." சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதல் பருவத்திலேயே நமக்குச் சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. பாயில் விதியைச் சோதிக்கும்போது வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொள்கிறோம். அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல இயலாது. இதைப் பதிவேட்டில் அழகாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு கால்கள் இரண்டு பெடல்களை ஒரே நேரத்தில் மிதிக்கின்றன என்பது எனக்கும் தோன்றவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. எல்லோரும் இடக்காலையே பார்த்தோம். எட்டாம் வகுப்புப் படித்தவர்தாம் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதலாளி வீட்டு வாசலில் காரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தோம். நான் திருகி வைத்த திருகாணியை முதலில் பழைய நிலைக்கே கொண்டு வந்தேன். கியர் நியூட்ரலில் இருக்க, இன்ஜின் மெதுவாக ஓடியது.

முதல் சோதனை: தந்தை கிளட்சை மட்டும் மிதித்தார். இன்ஜினில் மாற்றமில்லை. பத்து முறை மிதித்தும் மாற்றமில்லை. ஓசையும் இல்லை.

இரண்டாம் சோதனை: கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்தார். காலடியில் 'உஸ்' என்று பாம்பு சீறுவது போன்ற ஓசை. இன்ஜின் குலுங்கியது, அணைந்தது. கியர் நியூட்ரலில் இருந்தபடியால் கிளட்ச் விட்டதா விடவில்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. மீண்டும் செய்தோம். மீண்டும் அணைந்தது.

மூன்றாம் சோதனை: இன்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, இன்ஜின் பக்கத்துத் துளையை இறுக அடைத்தேன். இப்போது பிரேக்கை எத்தனை முறை மிதித்தாலும் இன்ஜின் அசையவில்லை. பெடல் மட்டும் பாறைபோல் இருந்தது. இந்த நிலையில் காரை ஓர் அடிகூட ஓட்டக் கூடாது என்பதால் உடனே குழாயைப் பொருத்திவிட்டோம்.

குற்றவாளி பிடிபட்டான். அவன் பிரேக் பூஸ்டர்.

இந்தப் பூஸ்டரின் செயல் நம் பாடத்தோடு நேரே தொடர்புடையது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்று நுழையும் வழி பெரும்பாலும் மூடியிருக்கும். பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து ஓரளவு வெற்றிடம் உண்டாகிறது. காற்று மண்டலத்தின் அழுத்தம் 76 செ.மீ. பாதரசம் என்று படித்திருக்கிறோம். இன்ஜினின் உள்ளே அதைவிட ஏறத்தாழ 45 செ.மீ. குறைவாக இருக்கும். பூஸ்டர் என்பது ஒரு வட்ட டப்பா. அதன் நடுவே ரப்பர் டயாப்ரம் ஒன்று இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. சும்மா இருக்கும்போது இரு புறமும் வெற்றிடமே. பெடலை மிதித்தால் பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று விடப்படுகிறது. ஒரு புறம் காற்று, மறுபுறம் வெற்றிடம். ஆகவே காற்று டயாப்ரத்தைத் தள்ளி நம் காலுக்குத் துணை செய்கிறது. டயாப்ரத்தின் விட்டம் 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். தள்ளுவிசை சுமார் 150 கிலோ எடைக்குச் சமமாக வந்தது. இரண்டு நெல் மூட்டைகள்! ஓட்டுநரின் காலுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத காற்று இரண்டு மூட்டை பாரத்தைப் போடுகிறது. 1650-களில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ வான் கெரிக்கே, காற்றை வெளியேற்றிய இரு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்க இயலாது என்று காட்டினாரே, அதே காற்றின் வலிமைதான் இது.

எங்கள் காரில் அந்த டயாப்ரம் கிழிந்திருந்தது. பெடலை மிதித்ததும் உள்ளே வந்த காற்று, தள்ள வேண்டிய வேலையை விட்டுவிட்டுக் கிழிசல் வழியே புகுந்து குழாய் வழியாக இன்ஜினுக்கே போய்விடுகிறது. பெட்ரோல் அதே அளவு. காற்று மட்டும் மிகுதி. அத்தகைய கலவை சரியாக எரியாது. இன்ஜின் மூச்சுத் திணறுகிறது.

அப்படியானால் கிளட்சை மிதித்தபோதுதானே நின்றது என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். விடை இதுதான். ஓடும் வண்டியில் பிரேக்கை மட்டும் மிதிக்கும்போதும் இன்ஜின் திணறத்தான் செய்கிறது. ஆனால் அப்போது சக்கரங்கள் அதன் கையைப் பிடித்து இழுத்துச் செல்கின்றன. ஆகவே அது விழுவதில்லை. கிளட்சை மிதித்த கணத்தில் அந்தக் கை விலகுகிறது. நோயாளி தனியே நிற்க முடியாமல் சாய்கிறான். நோயைக் கொடுத்தது பிரேக் பூஸ்டர். மறைந்திருந்த நோயை வெளியே காட்டியது கிளட்ச். காட்டியவனைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். அவனோடு சேர்த்து என் தந்தையையும் ஏற்றினோம்.

பட்டறை மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து வந்து அதே சோதனைகளைச் செய்து காட்டினோம். அவர் நல்ல மனிதர். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான் ஓட்டிப் பார்த்தப்ப ரெண்டு காலையும்தான் மிதிச்சேன் தம்பி. ஆனா ஒரு காலத்தான் யோசிச்சேன்" என்றார். கிளட்ச் வேலை கைவிடப்பட்டது. பிரேக் விஷயம் என்பதால் பழைய சாமான் வேண்டாம் என்று புதிய பூஸ்டரே வாங்கிப் பொருத்தினார். ஆன செலவு கிளட்சுக்குச் சொன்னதில் பாதிகூட இல்லை. வேலை முடிந்ததும், இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இன்ஜின் உயிர் பெற்றதும் பெடல் தானாகச் சற்றே கீழே இறங்கியது. "இறங்குனாத்தான் பூஸ்டர் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றார். எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை அது.

முதலாளி திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை, அது வரவுமில்லை. மறுமாதச் சம்பளக் கவரில் பிடித்த ஆயிரம் ரூபாயும் சேர்ந்து இருந்தது. தந்தையார் எண்ணிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அன்று இரவு இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளட்சை மிதித்தால் நிற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கார்புரேட்டரின் சிறு துளையில் அடைப்பு இருந்தாலும் இன்ஜின் தனியே நிற்காது. இக்காலத்துக் கார்களில் கார்புரேட்டர் இல்லை. கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. அவற்றில் காற்று வழியில் கரி படிந்திருக்கலாம். மெதுவோட்டத்துக்குரிய வால்வு சிக்கியிருக்கலாம். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பிரேக்கைத் தொடாமல் கிளட்சை மட்டும் மிதித்தும் இன்ஜின் தளர்ந்து அணைந்தால் செய்தி வேறு. கிளட்சின் பேரிங் இறுகியிருக்கலாம். அல்லது கிராங்க் தண்டை முன்பின் நகராமல் தாங்கும் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அது பெரிய வேலை, தள்ளிப்போடக் கூடாதது. எதுவாயினும், ஒவ்வொரு பெடலையும் தனித்தனியே மிதித்துப் பார்த்தபின் பேச வேண்டும் என்பதே நான் கற்றது.

நான் கற்ற இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கூடம் என்பது கல்லூரியில் மட்டும் இருப்பதாக எண்ணியிருந்தேன். எழுபது வளைவுகள் ஏறி எழுபது வளைவுகள் இறங்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பெயர் வைக்க மட்டும் அவருக்குத் தெரியாது. பெயர் வைக்க எனக்குக் கற்றுத் தந்தது இந்தக் கல்லூரி. அதற்கு என் பேராசிரியப் பெருமக்களுக்கு நன்றி. பார்க்கக் கற்றுத் தந்தவர் அவர். இரண்டும் சேராமல் அந்தக் கார் சரியாகியிருக்காது.

நம்மில் பலர் நம் வீடுகளில் முதல் பட்டதாரிகள். வீட்டில் நாம் ஒன்று சொன்னால், படித்த பிள்ளை சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பித் தலையாட்டுகிறார்கள். நான் திருகிய திருகாணியையும் அப்படித்தான் நம்பி மலையேறினார் என் தந்தை. அந்த நம்பிக்கை எவ்வளவு பாரமானது என்பது, அன்றிரவு அவர் கைகள் நடுங்கியதைக் கண்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம், நண்பர்களே. "எப்போதெல்லாம் நிற்பதில்லை?" என்ற கேள்வியாகவே அது இருந்தாலும் போதும்.